ஐந்து டாலர் அம்மா

ஸ்ரீமுஷ்ணத்துக்கு நான் போனது பூவராக சுவாமியைப் பார்க்க. வந்தது என்னவோ ஒரு வெள்ளைக்கார அம்மாவின் கதையோடு!

மாசி மகத்துக்கு இரண்டு நாள் முன்பு போயிருந்தேன். வருடா வருடம் மாசி மகத்துக்கு இந்த ஊர்ப் பெருமாள் கடலைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். கிள்ளை கடற்கரையில் தீர்த்தவாரி. போகிற வழியில் கிள்ளை தர்காவில் முஸ்லிம் மக்கள் பட்டும் மாலையும் கொடுத்து அவரை வரவேற்பார்கள். பல தலைமுறைகளாக நடக்கிற வழக்கம்.

தரிசனம் முடித்து, கோரைக்கிழங்குப் பிரசாதத்தை வாயில் போட்டுக்கொண்டு சன்னதித் தெருவில் நடந்தபோது, ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வழி மறித்தார். "சரித்திரம் எழுதறவர்தானே நீங்க? ஒரு நிமிஷம் வீட்டுக்கு வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய்த் திண்ணையில் உட்கார வைத்தார். பேரன் சேர்த்து வைத்திருக்கும் நாணய ஆல்பத்தைப் பிரித்தார். ஊதா நிறத்தில் ஒரு பழைய ஆஸ்திரேலிய ஐந்து டாலர் நோட்டு. அதில் தலையை வழித்து வாரிய ஒரு பெண்மணியின் படம்.

"இந்த அம்மா யாரு சார்? ராணி மாதிரியும் தெரியலை. நம்ம மெட்ராஸ்ல இருந்தவங்கன்னு பேரன் சொல்றான். பொய் சொல்றானா?"

பேரன் பொய் சொல்லவில்லை. அந்த அம்மாவின் பெயர் கரோலின் சிஷோம். ஆஸ்திரேலிய நோட்டில், மகாராணியை விட்டுவிட்டால், முதலில் இடம்பிடித்த பெண் இவர்தான். அந்த இடத்துக்குப் போகிற பாதையை அவர் தொடங்கியது நம்ம சென்னை ஜார்ஜ் டவுனில். அதுவும் யாருக்காக? ஐரிஷ் சிப்பாய்களின் மகள்களுக்காக!

ஐரிஷ்காரர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஸ்ரீமுஷ்ணத்தில் நின்றுகொண்டு இதைக் கேட்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிற கடலூரில் புனித டேவிட் கோட்டையை 1758 ஜூனில் பிரெஞ்சுக்காரர்களுக்காகப் பிடித்த லாலி, ஓர் ஐரிஷ் ராணுவ அதிகாரியின் மகன். அவரோடு வந்த படையில் ஐரிஷ்காரர்கள் இருந்தார்கள். 1760ல் வந்தவாசியில் அந்த லாலியைத் தோற்கடித்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்... அவரும் அயர்லாந்தின் லிமரிக் பகுதிக்காரர்! இரண்டு பக்கமும் ஐரிஷ் ரத்தம்; சிந்தியது நம்ம மண்ணில். இதே அயர் கூட் 1781 ஜூனில் சிதம்பரம் கோயிலைத் தாக்கினார். உள்ளே ஹைதர் அலியின் ஆட்கள். கோயில் மதிலை உடைக்க முடியாமல் திரும்பினார். ஜூலை 1ம் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதரை ஜெயித்து அந்த அவமானத்தைத் துடைத்துக்கொண்டார். பெருமாள் தீர்த்தவாரி கொள்கிற கிள்ளையிலிருந்து பரங்கிப்பேட்டை கூப்பிடு தூரம்தான்.

தளபதிகளை விடுங்கள். அவர்களுக்குச் சிலை, படம், புத்தகம் எல்லாம் உண்டு. துப்பாக்கி தூக்கிய சாதாரண சோல்ஜர்? 1830ல் பிரிட்டிஷ் ராணுவத்தில் நூற்றுக்கு 42 பேர் ஐரிஷ்காரர்கள். தேசபக்தியில் சேரவில்லை. உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்தால் பட்டினி, விளைந்தால் குத்தகை பாக்கி. பட்டாளத்தில் சேர்ந்தால் வேளாவேளைக்குச் சோறாவது கிடைக்கும். தங்களை அடிமைப்படுத்தியவனின் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, நம்மை அடிமைப்படுத்தக் கப்பலேறினார்கள்.

அந்தக் கப்பல்கள் போன வழிதான் விசேஷம்.

நமக்குத் 'தீவாந்தர சிட்சை' என்றால் அந்தமான் ஞாபகம் வரும். அதற்கும் முன்னால் பினாங்கு இருந்தது. மருது பாண்டியர் போர் முடிந்து, சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்களை 1802ல் தூத்துக்குடியில் கப்பலேற்றி அனுப்பியது அங்கேதான். பிரிட்டனும் அயர்லாந்தும் தங்கள் சொந்தக் குற்றவாளிகளைத் தள்ளிவிடுவதற்கு வைத்திருந்த இடம் ஆஸ்திரேலியா. 1788ல் தொடங்கி 1868 வரை அங்கே கொண்டுபோய்க் கொட்டப்பட்டவர்கள் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் அதிகம். ரொட்டி திருடியவன், ஆடு திருடியவன், அயர்லாந்தில் கலகம் செய்தவன், எஜமானியின் துணியை எடுத்துக்கொண்ட வேலைக்காரி... எல்லோரும் அதில் அடக்கம்.

கைதிகளுக்குக் காவலாகப் போன பட்டாளங்கள் சிட்னியிலோ டாஸ்மேனியாவிலோ நாலைந்து வருடம் இருக்கும். அப்புறம்? பல பட்டாளங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் மெட்ராஸ்! 48வது பட்டாளம் 1824ல் அப்படித்தான் வந்தது. 57வதும் 39வதும் 1830களின் தொடக்கத்தில் வந்தன. பிறகு 63வது, 1837ல் 4வது. சோல்ஜரோடு மனைவி வருவாள், சிட்னியில் பிறந்த குழந்தை வரும். எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. மெட்ராஸில் மேலதிகாரியை அடித்த சோல்ஜரைக் கோர்ட் மார்ஷல் செய்து சிட்னிக்குக் கைதியாக அனுப்புவார்கள். போன வருடம் காவல்காரனாக இருந்த ஊருக்கே இந்த வருடம் கைதியாகப் போகிற வாய்ப்புகூட அவனுக்கு இருந்தது!

அவன் போய்விட்டால் அவன் மகள்?

அந்தக் காலத்துப் பாரக்ஸை மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். நீளமான ஒரு கூடம். வரிசையாகக் கட்டில்கள். கல்யாணமான சோல்ஜர் தன் மூலையில் ஒரு துணியைக் கட்டித் தொங்கவிட்டுக்கொள்வான். அந்தத் துணிதான் வீடு. அதற்குப் பின்னால் குடித்தனம், பிரசவம், சண்டை, சாவு எல்லாம். துணிக்கு இந்தப் பக்கம் சாராயம், சூதாட்டம், கெட்ட வார்த்தை. காலராவிலோ சண்டையிலோ சோல்ஜர் செத்தால், விதவைக்குச் சில மாதங்கள்தான் ரேஷன். அதற்குள் அவள் இன்னொரு சோல்ஜரைக் கட்டிக்கொண்டாக வேண்டும். புருஷனைப் புதைத்த சில வாரங்களிலேயே மறுகல்யாணம் நடப்பது சகஜம். இல்லாவிட்டால் தெரு. பெண் குழந்தைக்குப் பதின்மூன்று, பதினாலு வயதானால் போதும், யாராவது ஒரு சார்ஜென்ட் கேட்டு வந்துவிடுவான். அவனுக்கு அவள் அப்பாவின் வயது இருக்கும்.

பையன்களுக்காவது ஒரு வழி இருந்தது. எழும்பூரில் 1789ல் ராணுவ அநாதை ஆண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி தொடங்கினார்கள். பெரும்பாலும் வெள்ளைக்கார அப்பாவுக்கும் நம்ம ஊர் அம்மாவுக்கும் பிறந்த பிள்ளைகள். அங்கே பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார் ஒரு நாள் குதிரையில் போனபோது, ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். அட, காகிதமும் வேண்டாம் சிலேட்டும் வேண்டாமே என்று அவருக்கு ஆச்சரியம். இதையே செய்யுங்கள் என்று தன் விடுதி ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல், மாட்டேன் என்றார்கள். பெல் யோசித்தார். ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைப் பிடித்து, சின்னப் பிள்ளைகளுக்கு நீயே சொல்லிக்கொடு என்று உட்கார வைத்தார். அவனும் ஒரு சோல்ஜரின் மகன்தான்.

நம்ம ஊர்ச் 'சட்டாம்பிள்ளை' வேறென்ன? பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கும் அந்த ஏற்பாட்டுக்கு 'மெட்ராஸ் முறை' என்று பெயர் வைத்து 1797ல் லண்டனில் அறிக்கையாக அச்சிட்டார் பெல். இங்கிலாந்து முழுக்கப் பரவியது. 1820ல் தாமஸ் ரெட்டால் என்ற பாதிரியார் அந்த முறையில் பயிற்சி பெற்றுச் சிட்னிக்குப் போய், அங்கே காவல்காரர்கள், கைதிகள், குடியேறியவர்கள் எல்லோருடைய பிள்ளைகளுக்கும் அதைத் தொடங்கி வைத்தார். சிட்னியில் அரிச்சுவடி படித்த ஐரிஷ் சிப்பாயின் மகளுக்கு, அந்தப் பாடமுறை எந்த ஊர்த் திண்ணையிலிருந்து வந்தது என்று யாராவது சொல்லியிருப்பார்களா? சந்தேகம்தான்.

சரி, கரோலினுக்கு வருவோம்.

1808ல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் பிறந்தவர். அப்பா பன்றி வியாபாரி. 1830ல் ஆர்ச்சிபால்ட் சிஷோம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பெண் கேட்டு வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ராணுவத்தில் அதிகாரி. கரோலின் ஒரு நிபந்தனை போட்டார். "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் செய்ய நினைக்கிற பொதுக்காரியங்களைத் தடுக்கக் கூடாது." யோசித்துச் சொல்லுங்கள் என்று அவகாசமும் கொடுத்தார். மனிதர் யோசித்துவிட்டுச் சரி என்றார். 1830ல்! இன்றைக்கும் பெண் பார்க்கும் படலத்தில் இப்படி ஒரு பெண் கேட்டால், மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி சொஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். சிஷோம் கடைசிவரை வாக்குத் தவறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். கணவரின் கத்தோலிக்க மதத்துக்கு கரோலின் மாறினார். இந்த விஷயம் பின்னால் அவருக்குப் பெரிய வில்லங்கமாக வந்து நின்றது.

கணவரைத் தொடர்ந்து மெட்ராஸ் வந்த கரோலின், மற்ற அதிகாரிகளின் மனைவிகள் பார்க்க விரும்பாத இடத்தைப் பார்த்தார். பாரக்ஸில் தொங்கிய அந்தத் துணிக்குப் பின்னால். 1834ல் கறுப்பர் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். கறுப்பர் நகரம் என்றால் இன்றைய ஜார்ஜ் டவுன். பெயர் மாறியது 1906ல். பள்ளியின் பெயர் 'ஐரோப்பியச் சிப்பாய்களின் மகள்களுக்கான பெண்கள் தொழிற்பள்ளி'. படிப்பு, எழுத்து, மதபோதனை, சமையல், வீட்டு நிர்வாகம், நோயாளியைக் கவனிப்பது... எல்லாம் கற்றுத் தந்தார்கள். இதில் என்ன புரட்சி என்று தோன்றலாம். பதின்மூன்று வயதில் ஒரு குடிகார சார்ஜென்ட்டைக் கட்டிக்கொள்வதைத் தவிர வேறு வழியே இல்லாத பெண்ணுக்கு, மாதச் சம்பளத்துக்கு ஒரு வேலைக்குப் போகலாம் என்பதே பெரிய கதவு.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளி தொடங்குவதற்குச் சற்று முன்புதான், 1832-33ல், மெட்ராஸ் மாகாணத்தின் வடக்கே குண்டூர்ப் பஞ்சம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கறுப்பர் நகரத்தின் தெருக்களில் நம்மவர்களின் ஏழைப் பெண்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பள்ளியில் இடமில்லை. கரோலினின் கருணைக்கு ஒரு மதில் இருந்தது. அந்தக் காலத்தில் பெரும்பாலான வெள்ளைக்காரர்களுக்கு இருந்த மதில்தான் அது.

1838ல் கணவருக்கு உடல்நலம் சரியில்லை. இரண்டு வருட விடுப்பு. மெட்ராஸில் பிறந்த இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டு சிட்னிக்குப் போனார்கள். கப்பலின் பெயர் 'எமரால்ட் ஐல்'. அதாவது 'மரகதத் தீவு'. அயர்லாந்துக்குக் கவிஞர்கள் வைத்த செல்லப்பெயர் அது! 1840ல் விடுப்பு முடிந்து கணவர் பட்டாளத்துக்குத் திரும்பினார். சீனாவில் அபினி யுத்தம். கரோலின் குழந்தைகளோடு சிட்னி பக்கத்திலேயே தங்கினார்.

அப்போது அந்த ஊரின் நிலைமை என்ன? நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவது 1840ல் நின்றுவிட்டது. பெண்களைவிட ஆண்கள் மிக அதிகம். எனவே பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஏழைப் பெண்களைக் கப்பல் கப்பலாக வரவழைத்தார்கள். கூட்டி வருகிற ஏஜென்ட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். கரையில் இறக்கியதோடு அவன் வேலை முடிந்தது. 1841ல் மட்டும் ஏறக்குறைய 20 ஆயிரம் பேர் வந்து இறங்கினார்கள். வந்த நேரம் பொருளாதார மந்தம், வேலை இல்லை. பெண்கள் டொமைன் பூங்காவின் பாறை இடுக்குகளில் படுத்துத் தூங்கினார்கள். துறைமுகத்தில் விபசாரத் தரகர்கள் காத்திருந்தார்கள்.

கரோலின் பார்த்தார். மெட்ராஸ் பாரக்ஸில் பார்த்த அதே பெண். அங்கே துணியாவது தொங்கியது. இங்கே அதுவும் இல்லை.

ஃப்ளோரா என்று ஒரு ஸ்காட்லாந்து மலைநாட்டுப் பெண்ணைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். வந்த புதிதில் அவ்வளவு அழகாக இருந்தவள், ஒரு பணக்காரனால் ஏமாற்றப்பட்டு, ஒரு மாலையில் குடித்துவிட்டுத் தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். கரோலின் கூடவே நடந்து, பேசிப் பேசி, சாக மாட்டேன் என்று வாக்கு வாங்கிய பிறகுதான் விட்டார். அந்த மாலையோடு தன் பயம் போய்விட்டது என்கிறார்.

1841ல் கவர்னர் கிப்ஸைப் பார்க்கப் போனார். மூக்குக் கண்ணாடியும் வெள்ளைக் குல்லாயுமாக ஒரு கிழவி வருவாள் என்று எதிர்பார்த்த கவர்னருக்கு, 32 வயதுப் பெண் எதிரே வந்து சரிக்குச் சரி வாதாடியது அதிர்ச்சி. கடைசியில் பழைய குடியேற்றக் கொட்டகையில் ஒரு பகுதியைக் கொடுத்தார். 'அரசாங்கத்துக்குச் செலவு வைக்கக் கூடாது' என்ற உறுதிமொழியோடு.

முதல் நாள் ராத்திரி தனியாக அங்கே படுத்தார். விளக்கை அணைத்ததும் நாய்கள் ஓடுவதுபோல் சத்தம். விளக்கை ஏற்றினால்... எலிகள்! மேலே தாவி ஏறுகின்றன. ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஓடினால் நாளைக்கு ஊர் சிரிக்கும். ரொட்டியை வெட்டி வெண்ணெய் தடவி அறை நடுவில் வைத்துவிட்டு, விளக்குப் பக்கத்தில் புத்தகத்தோடு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். ஒரு டஜனுக்கு மேல் எலிகள் வந்து விருந்து சாப்பிட்டுவிட்டுப் போயின. அடுத்த ராத்திரியும் விருந்து உண்டு. வெண்ணெயோடு ஆர்சனிக்! சில நாளில் எலித்தொல்லை ஒழிந்தது. எனக்கு இந்த அம்மாவை ரொம்பப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

ஒரு கட்டத்தில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே தங்கியிருந்தார்கள். நகரத்தில் வேலை இல்லை. உள்நாட்டுப் பண்ணைகளில் ஆள் இல்லை. கரோலின் ஒரு வெள்ளைக் குதிரையில் ஏறிக்கொண்டார். பின்னால் மாட்டு வண்டிகளில் பெண்கள். நூற்றுக்கணக்கான மைல் காட்டுப் பாதையில் போய், பண்ணை பண்ணையாக நிறுத்தி, நல்ல வீடா என்று விசாரித்துப் பெண்களை வேலைக்கு அமர்த்தினார். கையோடு ஒப்பந்தம், மூன்று பிரதிகள். முதலாளிக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, தன் அலுவலகத்துக்கு ஒன்று. சம்பளத்தை ஏமாற்றினால் கோர்ட்டுக்கு இழுக்க அந்த மூன்றாவது பிரதி போதும். 1846 வரை அவர் இப்படி வாழ்வு தேடிக் கொடுத்தவர்கள் ஆண், பெண், குடும்பம் எல்லாம் சேர்த்து சுமார் 11 ஆயிரம் பேர்!

வந்தவர்களில் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் நிறைய. 'இந்தப் பொம்பளை நம்ம நாட்டை போப்பாண்டவருக்கு எழுதிக் கொடுக்கப் பார்க்கிறாள்' என்று ஜான் டன்மோர் லாங் என்ற பாதிரியார் கிளம்பினார். இன்னொரு பக்கம் ஐரிஷ் பெண்கள் அழுக்கு, வேலை தெரியாதவர்கள் என்று பத்திரிகைகளில் வசை. 1848க்கும் 1850க்கும் நடுவே, அயர்லாந்துப் பெரும் பஞ்சத்தில் அநாதைகளான நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியபோதும் இதே வசைதான்.

இதற்கிடையே கணவர் 1845ல் ஓய்வு பெற்று வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் ஊர் ஊராகப் போய், குடியேறியவர்களிடம் அவரவர் கதையைக் கேட்டு எழுதினார்கள். எங்கிருந்து வந்தாய், என்ன சம்பளம், என்ன சாப்பாடு, யாரை விட்டுவிட்டு வந்தாய்... அறுநூறுக்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள். அதில் முன்னாள் கைதிகளும் உண்டு. தண்டனை முடிந்தும் பெண்டாட்டி பிள்ளை கடலுக்கு அந்தப் பக்கம். கரோலின் லண்டனுக்கே போய் சண்டை போட்டு, அவர்களின் மனைவி மக்களுக்கு இலவசக் கப்பல் பயணம் வாங்கிக் கொடுத்தார். 1849ல் ஏழைக் குடும்பங்கள் ஒன்றாகக் கப்பலேறுவதற்குக் கடன் தரும் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார். நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் தன் பத்திரிகையில் அதை ஆதரித்தார். ஆதரித்ததோடு நின்றாரா? அவர் வீட்டுக்குப் போய் வந்து, பிள்ளைகளின் முகம் அழுக்காக இருந்தது என்று தோழிக்குக் கடிதம் போட்டார். அப்புறம் 'பிளீக் ஹவுஸ்' நாவலில், ஊர்ப் பிள்ளைகளுக்கு உருகி சொந்தப் பிள்ளைகளைக் கோட்டை விடும் மிஸஸ் ஜெலிபி என்ற பாத்திரத்தை அவர் சாயலில் படைத்துவிட்டார். தன் பத்துப் பிள்ளைகளின் முகத்தை எத்தனை தடவை டிக்கன்ஸ் துடைத்துவிட்டார் என்று யாரும் கேட்கவில்லை.

பின்னாளில் பெண்ணியவாதிகளும் கரோலினை விட்டுவைக்கவில்லை. நல்ல மனைவிமார்கள்தான் முரட்டு ஆண்களைத் திருத்தும் கடவுளின் போலீஸ் என்று அவர் நினைத்ததை, 1975ல் ஆன் சம்மர்ஸ் என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர் பிடிபிடி என்று பிடித்தார். பெண்களைப் போலீஸ் வேலைக்கா கூட்டி வந்தீர்கள் என்பது நியாயமான கேள்வி. அந்தப் பண்ணைகளெல்லாம் யார் நிலம் என்ற கேள்வி இன்னும் பெரியது. அங்கே காலங்காலமாக இருந்த பூர்வகுடிகளைத் துரத்திவிட்டுப் போட்டவை அவை. மெட்ராஸில் பார்த்த மதில் கரோலின் கூடவே சிட்னிக்கும் போயிருந்தது.

கடைசிக் காலம் சுகமில்லை. கையில் சேர்த்ததில்லை. வந்த நன்கொடையையும் வேலைக்கே போட்டுவிட்டார். 1877 மார்ச் 25ம் தேதி லண்டனில் இறந்தார். அதே வருடம் ஆகஸ்டில் கணவரும். நார்தாம்ப்டனில் இருவருக்கும் ஒரே கல்லறை. 'குடியேறிகளின் தோழி' என்று கல்லில் இருக்கிறது. தொண்ணூறு வருடம் கழித்து, 1967ல் ஆஸ்திரேலியா ஐந்து டாலர் நோட்டை முதன்முதலாக வெளியிட்டபோது அவர் முகத்தைப் போட்டது. 1992ல் புது நோட்டு வந்து, அந்த இடத்துக்கு மகாராணி வந்துவிட்டார்.

இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோது வாத்தியார் நோட்டைத் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பக்கம் இருக்கறது யாரு?"

"ஜோசப் பேங்க்ஸ். விஞ்ஞானி. கைதிகளைக் கொண்டுபோய்க் கொட்ட ஆஸ்திரேலியாதான் சரியான இடம்னு 1779லயே பார்லிமென்ட் கமிட்டியில சொன்னவர்."

"ஒரு பக்கம் ஜெயில் கட்டச் சொன்னவர், மறுபக்கம் இந்த அம்மாவா? சரியாத்தான் போட்டிருக்கான்." சிரித்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா இருந்தார். "ஜார்ஜ் டவுன் பள்ளிக்கூடத்துல படிச்சதே, அந்தப் பொண்ணுங்க பேரெல்லாம் எங்கயாவது இருக்கா?"

ஒரு பெயரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

அவர் ஆல்பத்தை மூடினார். நாங்கள் உட்கார்ந்திருந்த திண்ணையைத் தட்டிக் காட்டினார். "எங்க தாத்தா இங்கதான் பள்ளிக்கூடம் வச்சிருந்தார். மணலைக் கொட்டிப் பரப்பி, விரல் சிவக்கச் சிவக்க எழுத வைப்பாராம். இது சிட்னி வரைக்கும் போன வித்தைன்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா பீஸைக் கூட்டியிருப்பார்!"

உள்ளே திரும்பி, காபி கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார்.